காசு வாங்காத ஜன்னல்

அக்டோபர் 12, 2023. வியாழன்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். யாரிடமும் சொல்லிப் பயனில்லை என்பதால் இந்த நோட்டில் எழுதுகிறேன்.

இன்று பள்ளியில் துறைத் தலைவர் பதவியைக் கூடைப்பந்துப் பயிற்சி தருகிற பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் பிறந்த காலத்திலிருந்து நான் இந்தப் பள்ளியில் குடிமையியல் நடத்துகிறேன். "லூசியஸ் சார், உங்க ஆசீர்வாதம் வேணும்" என்று வந்து கையைப் பிடித்தான். கொடுத்தேன். வேறென்ன செய்வது.

இது புதிதல்ல. நம் சபை வாசலில் ஒரு பித்தளைத் தகடு தொங்குகிறது. "ஜாமீன் பெட்டி. நிறுவியவர்: டீக்கன் வில்பர்ட் கெய்ன்ஸ்." அந்தப் பெட்டிக்கான விதிகளை எழுதியவன் நான். நம் தெருப் பையன்கள் அற்பக் குற்றத்துக்கெல்லாம் உள்ளே போய், ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல், வழக்கு வருவதற்குள் வேலை போய், வாடகை வீடு போய்க் கிடந்த காலம் அது. யாருக்கு உதவுவது, வழக்கு முடிந்ததும் பணம் எப்படிப் பெட்டிக்குத் திரும்புவது என்று என் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். சபைக் காரியங்களைப் பார்க்கிற வில்பர்ட் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார். தகட்டில் பூட்டு வாங்கியவர் பெயர்தான் இருக்கிறது. அந்த வாசகத்துக்குச் சம்மதித்தவர்களில் என் அக்கா ஒடெஸாவும் ஒருத்தி. அத்தான் ராய் இறந்தபோதும் சவப்பெட்டி அருகில் நின்று பேச வில்பர்ட்டைத்தான் அழைத்தாள். நான் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதோடு சபைக்கும் போவதில்லை. அவள் வீட்டுக்கும் போவதில்லை.

ஒன்று மட்டும் ஆறுதல். போன மாதத்தோடு நம் மாநிலத்தில் பணம் கட்டி ஜாமீன் எடுக்கிற முறையே ஒழிந்தது. ஆபத்தானவன் என்று அரசுத் தரப்பு நிரூபித்தால் நீதிபதி உள்ளே வைப்பார். இல்லையென்றால் விட்டுவிடுவார். சொன்ன தேதிக்கு வந்தால் போதும். வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், "சும்மாவா சார் விடுவாங்க?" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் ஏதோ மாயக்கதை சொன்னது போல.


அக்டோபர் 14. சனி

காலையிலிருந்து தெரு முழுக்க மீன் வாசனை.

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்த வாசனை ஒரு செய்தி. சபைச் சமையலறையில் சனிக்கிழமை கெளுத்தி மீன் பொரிந்தால் யாரோ வீட்டுப் பிள்ளை உள்ளே போயிருக்கிறான். சோளமாவில் புரட்டிய மீன், பக்கத்தில் ஸ்பகெட்டி, இரண்டு துண்டு ரொட்டி. தெர்மாகோல் டப்பாவில் அடைத்து விற்று ஜாமீனுக்குக் காசு சேர்ப்பார்கள். யாருக்கு என்று வாங்குகிறவன் கேட்கக் கூடாது. அது மரியாதை.

ஆனால் இப்போது எதற்கு மீன்? சபைக் கூரை ஒழுகுகிறதாக்கும் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு பர்விஸ் ஒரு டப்பாவை நீட்டினார். "இந்தாய்யா, நீயும் ஒண்ணு வாங்கி வச்சிக்க. சொந்தத்துக்காவது சாப்பிடு."

"எந்தச் சொந்தம்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? உன் அக்கா மகன் ட்ரெமேனைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்கய்யா. புதன்கிழமை. எவன்கிட்டயோ ஜெனரேட்டர் வாங்கியிருக்கான், அது திருட்டுச் சாமானாம். வில்பர்ட் நேத்து வெளிய எடுத்துட்டாரு. அந்தக் காசைத் திருப்பிக் கட்டத்தான் இது." பிறகு தயங்கி, "ராயோட பிக்கப் வண்டியையும் வித்துட்டா, பாவம்."

மீன் ஆறிப் போயிற்று. தொடவில்லை.

எந்தக் காசு? எதைத் திருப்பிக் கட்டுகிறார்கள்? கட்டுவதற்கு எதுவுமே இல்லையே.

நான் எங்கோ தவறாகப் படித்துவிட்டேனோ என்று சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தவறில்லை.


அக்டோபர் 15. ஞாயிறு

ஒடெஸா வீட்டு வாசலில் பிக்கப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ராய் உயிரோடு இருந்தவரை அந்த வண்டியை ஞாயிறு தோறும் கழுவுவார். அவர் போனபின் ட்ரெமேன் அதில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கக் கிடங்கு வேலைக்குப் போய் வந்தான். பஸ் போகாத இடம்.

கதவைத் திறந்தவள் நகரவில்லை. "வழி தவறி வந்துட்டியா?"

"அக்கா, வில்பர்ட்டுக்கு எதுக்குக் காசு குடுத்தே?"

"எம் பிள்ளைய வெளிய எடுத்தாரு. குடுத்தேன்."

"இப்ப ஜாமீனுக்குக் காசே கிடையாது. சட்டம் மாறிடுச்சு. போன மாசமே."

அவள் சிரித்தாள். என் வகுப்புச் சிரிப்பு. "ஏன்டா, அப்பாவை எடுக்கக் காசு. ராயை எடுக்கக் காசு. சாமுவேல் மாமாவுக்குக் கட்ட முடியாம அந்த மனுசன் உள்ளேயே செத்தாரு. இவனை மட்டும் சும்மா விட்டுட்டானுங்களா? எவன் சொன்னான்? புஸ்தகமா?"

"ஆமா."

"வில்பர்ட் ஜெயில் வாசல்ல நின்னு கூட்டிட்டு வந்தாரு. நீ எங்க நின்னே?"

அதற்குமேல் என்ன சொன்னாலும் ஒரே பதில்தான். அந்தத் தகட்டு ஆத்திரத்தை இன்னும் விடவில்லையா, ராய் செத்தபோதுகூட மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய். நானும் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். அதை எழுத விருப்பமில்லை. கதவு மூடிக்கொண்டது.

ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவள் முட்டாள் இல்லை. கறிக்கடைக்காரன் தராசையே திருத்துகிறவள். ஆனால் நம் வீட்டில் சும்மா வெளியே வந்தவன் ஒருவனும் இல்லை. பிள்ளை வந்தான் என்றால் யாரோ காசு கட்டியிருக்க வேண்டும். இதை எந்தப் புத்தகத்தை வைத்து அழிப்பது?


அக்டோபர் 18. புதன்

பள்ளி முடிந்ததும் ட்ரெமேனைப் பிடித்தேன். ஆற்றோரம் தானியக் களஞ்சியத்துக்கு எதிரே உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி இல்லாததால் கிடங்கில் நிறுத்திவிட்டார்களாம். இருபத்து நான்கு வயது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஜட்ஜ் என்னதான் சொன்னாரு?"

"டிவி பொட்டில தெரிஞ்சாரு மாமா. பாதி காதுல விழல. போகலாம்னாரு. ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. வெளிய வந்தா வில்பர்ட் சார் வண்டியோட நிக்கறாரு. 'உன்னை எடுத்துட்டேன் தம்பி'ன்னாரு."

"காசு கட்டச் சொல்லி ஜட்ஜ் சொன்னாரா?"

யோசித்தான். "காசைப் பத்திப் பேச்சே வரல. அதெல்லாம் காசு கட்டற ஜன்னல்ல நடக்கும்னு நெனச்சேன்."

"வாய்தா என்னைக்கு?"

"முப்பதாம் தேதி. ஆனா போக வேண்டாம். வில்பர்ட் சார் தள்ளிப் போட்டுட்டாராம். அதுக்கான காசுக்குத்தான் இந்தச் சனிக்கிழமை மறுபடியும் மீன்."

படகு ஒன்று ஊதியது.

பணத்தை விடு. வண்டியை விடு. வாய்தாவுக்குப் போகாதவன் மேல் பிடிவாரண்ட் வரும். புதுச் சட்டம் கேட்பதே அந்த ஒன்றைத்தான். வா என்றால் வா. அதை மீறினால் இந்தப் பையனை நம்பி மறுபடி விட நீதிபதிக்கு என்ன இருக்கிறது? முப்பதாம் தேதி இவன் அங்கே நிற்காவிட்டால் இவன் தொலைந்தான்.

"நீ போயே ஆகணும்டா."

"அம்மா போகாதேன்னு சொல்றாங்களே மாமா. கட்டின காசு வீணாப் போயிடுமாம்."


அக்டோபர் 21. சனி

மீன்.


அக்டோபர் 24. செவ்வாய்

ஒடெஸாவுக்குப் போன் செய்தேன். எடுத்துவிட்டு வைத்தாள். மறுபடி செய்தேன். சண்டை போட வரவில்லை என்றேன். ஒன்றே ஒன்று கேட்டேன். கோர்ட் கட்டடத்தில் பணம் கட்டுகிற ஜன்னலுக்கு என்னோடு வா. நீயே கேள். நான் வாயே திறக்க மாட்டேன்.

"நீயா?"

"நான்தான்."

"வாயே திறக்க மாட்டே?"

"திறந்தா அங்கேயே விட்டுட்டுப் போயிடு."

"வெள்ளிக்கிழமை லீவு போடறேன்" என்றாள். "நீ வாயை மூடிட்டு நிக்கறதைப் பாக்கறதுக்காகவே."


அக்டோபர் 27. வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அந்த ஜன்னலை எனக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். அப்பாவுக்காக அம்மா நின்ற ஜன்னல். நசுங்கிய நோட்டுகளை எண்ணித் தட்டில் வைப்பாள், உள்ளே இருப்பவள் மறுபடி எண்ணுவாள். இன்று அங்கே வரிசையே இல்லை. உள்ளே ஒரு வெள்ளைக்காரம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

ஒடெஸா நல்ல கோட்டுப் போட்டு வந்திருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, எம் மகனுக்கு ஜாமீன் கட்டியிருக்கோம். எவ்வளவு கட்டியிருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"எப்பக் கட்டினீங்க?"

"இந்த மாசம்."

அந்தம்மாள் ஊசியைக் கீழே வைத்தாள். "இந்த மாசமா? இருக்காதேம்மா. இங்க ஜாமீன் காசு வாங்கறதை நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீங்க தூக்கி உள்ள எறிஞ்சாலும் நான் வாங்க முடியாது. கல்லாப்பெட்டியையே எடுத்துட்டாங்க." கையால் காட்டினாள். கல்லா இருந்த குழியில் ஒரு கள்ளிச்செடித் தொட்டி இருந்தது.

ஒடெஸா அந்தச் செடியையே பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கர்த்தர் சாட்சி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சர்ச்சுலேர்ந்து ஒருத்தர் கட்டினாரு" என்றாள் ஒடெஸா. குரல் அவளுடையதாக இல்லை.

"யார் கட்டினாலும் இங்கதாம்மா கட்டணும். வேற ஜன்னல் இல்ல." பையனின் பெயரைக் கேட்டுக் கணினியில் பார்த்தாள். "சொந்தப் பொறுப்புல விட்டிருக்காங்க. காசு கிடையாது. திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வாய்தா. கண்டிப்பா வந்துடச் சொல்லுங்க."

"தள்ளிப் போட்டதுன்னாங்களே."

"இல்லியே. திங்கக்கிழமைதான்."

வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். கைப்பையைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். கடைசியில், "எம் பிள்ளைய சும்மாவே விட்டுட்டாங்களா?" என்றாள்.

"ஆமாக்கா."

"சும்மாவே?"

"ஆமா."

"அப்ப ராயோட வண்டி?"

நான் பதில் சொல்லவில்லை. இந்த முறை, கொடுத்த வாக்குக்காக அல்ல.


அக்டோபர் 28. சனி

வில்பர்ட்டிடம் போகக் கூடாது என்று அக்கா சொன்னாள். போனேன்.

வில்பர்ட் சபைச் சமையலறையில் தனியாக மீன் அறுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் ஸ்பகெட்டி வாங்கப் போயிருந்தார்கள். வெள்ளை ஏப்ரன். அதே சாந்தமான முகம். "வாங்க வாத்தியாரே. ரொம்ப நாளாச்சு. கத்தி இன்னொண்ணு இருக்கு, எடுங்க."

"ஜன்னலுக்குப் போயிட்டு வந்தோம். நானும் ஒடெஸாவும்."

அவர் கை நிற்கவில்லை. தலை வெட்டி, தோல் உரித்து, அடுத்த மீனை எடுத்தார். "சரி."

சரி. அந்த ஒரு சொல். மறுப்பார், கத்துவார், பைபிள் மேல் சத்தியம் செய்வார் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"எத்தனை வீட்ல வாங்கினீங்க?"

"கேட்டு வந்தவங்க வீட்ல."

"பணம் எங்க?"

"பெட்டில. சபைக்குச் செலவு இல்லியா? எனக்குச் செலவு இல்லியா? பெட்ரோல் யார் போடறா? ஜெயில் வாசல்ல ராத்திரி பகலா நிக்கறது யாரு?" பிறகு எனக்குப் பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "வாத்தியாரே, நம்ம சனங்களுக்குச் சும்மா கெடைக்கறது நிக்கும்னு நம்பிக்கை கெடையாது. காசு கட்டினாத்தான் பிள்ளை வந்தான்னு தூங்குவாங்க. நான் தூக்கத்தைக் குடுத்தேன்."

"நீங்க திருடினீங்க."

"அப்படியா. சட்டம் மாறினது உங்களுக்குத் தெரியும்ல? எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அவங்ககிட்டச் சொன்னீங்களா? ஒரு ஞாயித்துக்கிழமை வந்து அந்த மேடையில நின்னு சொன்னீங்களா? தகட்டுல பேரு இல்லன்னு வீட்ல உக்காந்துட்டு இருந்தீங்க. அவங்க எங்கிட்ட வந்தாங்க."

சொல்லவில்லைதான். ஒரு ஞாயிறுகூடப் போகவில்லை. அந்த ஆளிடம் இதைக் கேட்க நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

வாசல் வரை வந்துவிட்டேன். பிறகுதான் கேட்டேன். "வாய்தாவுக்குப் போக வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?"

அப்போதுதான் கத்தி நின்றது.

காரணத்தை அவர் சொல்லத் தேவையில்லை. கோர்ட்டுக்குப் போனால் யாராவது ஒரு வக்கீல் வாய் தவறிச் சொல்லிவிடுவான், உனக்குக் காசே கட்டவில்லையே தம்பி என்று. அது தெரியக் கூடாது. அதற்காகப் பையன்களைப் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறார். வாரண்ட் வரும் என்று தெரிந்தே. மறுபடி உள்ளே போவார்கள் என்று தெரிந்தே. அப்போது மறுபடி மீன் வறுக்கலாம்.

இந்த மனிதர்தான் என் அத்தானின் சவப்பெட்டி அருகில் நின்று பேசினார். இந்தக் குரலில்தான்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.


அக்டோபர் 30. திங்கள்

நான்தான் ஓட்டிப் போனேன். ட்ரெமேன் ராயின் டையைக் கட்டியிருந்தான், நீளமாகத் தொங்கியது. பின்சீட்டில் ஒடெஸா.

எல்லாம் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றான். இலவச வக்கீலாக வந்த இளம்பெண் ஏதோ சொன்னாள். டிசம்பரில் அடுத்த தேதி. நீதிபதி நிமிர்ந்து, "சொன்ன தேதிக்கு வந்ததுக்கு நன்றி" என்றார்.

நடைபாதையில் ஒடெஸா என் கையைப் பிடித்தாள். "நன்றின்னாரு. கேட்டியா? எம் பிள்ளைகிட்ட."

"கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. ட்ரெமேன் டையின் நுனியால் அவள் முகத்தைத் துடைத்தான்.


நவம்பர் 1. புதன்

போலீஸில் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்டார்கள். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். சபையில் யார் ரசீது கேட்பார்கள்?


நவம்பர் 5. ஞாயிறு

சபைக்குப் போனேன். ஒடெஸா போன் செய்து, "வா, ஆனா பேசாதே" என்றாள். இப்போதெல்லாம் அதுவே எனக்கு வேலையாகிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வில்பர்ட் முன்னால், டீக்கன்கள் வரிசையில்.

பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம். ஒருத்திக்கு முழங்கால் வலி குறைந்தது. ஒருவர் மகளுக்கு வேலை கிடைத்தது. ஆமென், ஆமென். பிறகு ஒடெஸா எழுந்தாள்.

"சபைக்கு ஸ்தோத்திரம். எம் மகன் போன மாசம் ஜெயிலுக்குப் போனான்."

"உதவி செய்யும் ஆண்டவரே" என்றார்கள்.

"கர்த்தர் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தாரு."

"ஆமென்."

"காசில்லாம கொண்டுவந்தாரு."

"ஆமென்" என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே கேட்டது.

"ஒரு காசு இல்லாம. ஜன்னல்ல கேட்டேன். அங்க காசே வாங்கறதில்லையாம். இந்த ஊர்ல யார் பிள்ளைக்கும் வாங்கறதில்லையாம். அங்க ஒரு செடி இருக்கு. நான் கண்ணால பாத்தேன்." நிறுத்தினாள். வில்பர்ட்டை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "சகோதரர் கெய்ன்ஸ், ராயோட வண்டிக் காசை எந்த ஜன்னல்ல கட்டுனீங்க? சொன்னா நான் போய் அவங்களுக்கும் நன்றி சொல்லிட்டு வருவேன்."

ஆர்கன் வாசிக்கிற பெண்ணின் கை கட்டையில் பட்டு ஒரு சுரம் எழுந்து அடங்கியது. நான் ஒரு வயதான அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வாய் மெதுவாகத் திறந்தது, கணக்குப் போடுவது போல. பிறகு இன்னொரு முகம். பிறகு இன்னொன்று. ஏமாந்தது எந்தெந்த வீடு என்று அப்போது தெரிந்தது.

வில்பர்ட் பைபிளை எடுத்துக்கொண்டு பக்கக் கதவு வழியாக வெளியே போனார். ஓடவில்லை. மதிய வெயிலுக்குப் போவது போலப் போனார்.

பாஸ்டர், "ஜெபிப்போம்" என்றார்.


நவம்பர் 6. திங்கள்

பெயர் சொல்லாமல் ஒரு போன். "பழி வாங்கிட்டே இல்ல வாத்தி? அக்காவை ஏவிவிட்டு. ஒரு தகட்டுக்காக."


நவம்பர் 9. வியாழன்

நம் சபையின் பெர்னடின் அம்மாவின் மகனைக் காலையில் வேலை இடத்தில் வைத்துப் பிடித்துப் போய்விட்டார்கள். பிடிவாரண்ட். போன வாரம் வாய்தாவாம், போகவில்லை. போகாதே என்று சொல்லியிருந்தார்கள், யார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒடெஸா பேசியபோது அந்த அம்மா இரண்டாம் வரிசையில்தான் இருந்தார். மறுநாளாவது மகனைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். வெட்கம். ஏமாந்தேன் என்று யாரிடம் சொல்வது என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

முடிதிருத்தும் கடையில் இதே பேச்சு. நான் நுழைந்ததும் நின்றது. நாற்காலியில் இருந்தவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வில்பர்ட் தப்புப் பண்ணியிருக்கலாம். ஆனா யார் வாயிலேர்ந்து வந்துதுன்னு பாக்கணும்ல. லூசியஸுக்கு அவரை என்னைக்குமே ஆகாது." கடைக்காரர் தலையாட்டினார். "தம்பி, எம் பையன் கோர்ட்டுக்குப் போகலாமா வேண்டாமா?" என்று ஓரத்திலிருந்து ஒருவர் கேட்டார். "பாக்கலாம், அவசரப்படாதீங்க" என்றான் நாற்காலிக்காரன்.

அவசரப்படாதீங்க.

என் மேல் உள்ள வெறுப்பால் ஒரு பையன் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிடுவான். அது நடக்கும். இந்த ஊரில் அப்படித்தான் நடக்கும். நாற்காலியில் உட்காராமலே திரும்பி வந்தேன்.


நவம்பர் 12. ஞாயிறு

தகடு இன்னும் தொங்குகிறது. விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழுவில் வில்பர்ட்டின் மைத்துனர் இருக்கிறார்.

ட்ரெமேனுக்கு மாவு மில்லில் வேலை. நடந்து போகிற தூரம்.


நவம்பர் 14. செவ்வாய்

மூன்று நாளாக எழுதியதை இன்று ஒடெஸாவிடம் காட்டினேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் போனில் பார்க்கிற, ஊருக்கான இணையப் பக்கத்தில் போடுவதற்காக. ஐந்து பக்கம். சட்டத்தின் வரலாறு, பெட்டி எப்படித் தொடங்கியது, விதிகளை யார் எழுதியது, வில்பர்ட் யார் யாரிடம் வாங்கினார், மீன் அறுத்துக்கொண்டே என்ன சொன்னார். அடியில் என் முழுப் பெயர், பட்டம், பணி.

சமையலறையில் நின்றபடியே படித்தாள். அடுப்பில் கீரை வெந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லா எழுதியிருக்கே. எப்பவுமே நல்லாத்தான் எழுதுவே."

"ஆனா?"

"அடியில உன் பேரு இருந்தா மேல இருக்கறதை யாரும் படிக்க மாட்டாங்கடா."

கோபம் வந்தது. வழக்கமான இடத்திலிருந்து, வழக்கமான வேகத்தில். நான் எழுதியது. இதையுமா? இதிலுமா என் பெயர் இருக்கக் கூடாது? நாற்காலியைத் தள்ளி எழுந்தேன்.

அவள் கீரையைக் கிளறினாள். "தகடு விஷயத்துல நான் அன்னைக்குப் பேசியிருக்கணும்" என்றாள், என்னைப் பார்க்காமல். "தெரியும். பேசல. சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். ட்ரெமேன் வேலையிலிருந்து முடியெல்லாம் மாவாக வந்தான். என் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு, "மாமா, பெர்னடின் அம்மா மகனுக்கு நாளைக்கு விசாரணையாம். நானும் வரவா? கோர்ட்ல எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஐந்து பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு வெட்டினேன். சட்டத்தின் வரலாறு போயிற்று. பெட்டியின் கதை போயிற்று. ஒடெஸாவின் பெயரும் பையனின் பெயரும் போயின. வில்பர்ட்டின் பெயரை வெட்டத்தான் வெகுநேரம் ஆயிற்று. பேனாவை வைத்துவிட்டு இரண்டு தடவை எழுந்து போய் வந்தேன். அது போலீஸ் புகாரில் இருக்கிறது. அங்கே இருக்கட்டும். இங்கே அந்தப் பெயர் இருந்தால் ஊர் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும், எவன் பிள்ளையோ வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடுவான்.

மிச்சம் இவ்வளவுதான்:

"உங்கள் பிள்ளையை வெளியே எடுக்க இப்போது காசு கிடையாது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சபையில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கோர்ட் ஜன்னலில் போய்க் கேளுங்கள், அங்கே இருக்கிற அம்மாள் சொல்வாள். ஆனால் தேதிக்குப் போயே ஆக வேண்டும். போக வேண்டாம் என்று யார் சொன்னாலும் போங்கள். தவறவிட்டிருந்தால் நாளைக்கே போங்கள். ஏமாந்துபோனதில் வெட்கமில்லை. நாமெல்லாம்தான் ஏமாந்தோம்."

கடைசி வரியில் "நாமெல்லாம்" என்று தானாக வந்துவிட்டது. வெட்டவில்லை.

அதற்குக் கீழே என் பெயர் இருந்தது. லூசியஸ் ஏ. ஹார்க்னஸ், எம்.ஏ. நல்ல பெயர். அம்மா வைத்தது. அதையும் அடித்தேன்.

நாளை கோர்ட்டுக்குப் போகும் வழியில் நூலகத்துக் கணினியிலிருந்து போடுகிறேன். பெயர் இல்லாமல்.